சரோஜம் டீச்சரின் பாட்டும் செல்வினின் சாட்சியும்

செல்வினை அன்றைக்கு யாரும் மைக்குக்கு முன்னால் கூப்பிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அவன் மனைவி ஷீஜா இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், யாருக்கும் தெரியாமல் செய்யும் திருட்டைப் பற்றிப் பேசினார். கரண்ட் மீட்டரில் கை வைத்த ஒருவர் எழுந்து அழுதார். ஆபீசிலிருந்து பேப்பர் கட்டு கொண்டுவந்த ஒரு அக்கா எழுந்து அழுதாள். செல்வினுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவனும் சாட்சி சொல்ல எழுந்து மைக்கை வாங்கினான். தன் கம்ப்யூட்டரில் பாட்டு செய்ய வைத்திருக்கும் பிளகின் என்ற கருவிகள் எல்லாமே திருட்டுச் சரக்கு, விலைக்கு விற்பதை எவனோ பூட்டை உடைத்து இணையத்தில் போட்டான், அதை எடுத்துத்தான் இத்தனை வருஷமும் ஆண்டவருக்குப் பாட்டு செய்தேன், இன்றோடு விட்டேன் என்று சொன்னான். பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. சபை செக்ரட்டரி தங்கப்பன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீஜா மட்டும் தலையில் கை வைத்தாள்.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அத்தனையையும் அழித்தான். அழித்த கையோடு நிம்மதியாகத் தூங்கியும் விட்டான். அறுப்பின் பண்டிகைக்கென்று தங்கப்பனின் மனைவி சரோஜம் டீச்சர் பாடிக் கொடுத்த புதுப் பாட்டு, பாதி வேலையில் அதே கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. அந்தப் பாட்டு நின்றதே அந்தத் திருட்டுப் பிளகின்களின் மேல்தான் என்பது மறுநாள் அதைத் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஹைவேக்குப் பின்புறம், ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல்களுக்கு நடுவில் இருந்தது அவர்களுடைய வாடகை வீடு. ஷீஜா அந்த ஹாஸ்டல்களுக்குக் காலையில் புட்டும் கடலைக்கறியும், மாலையில் கிழங்கும் மீன்கறியும் சமைத்துக் கொடுப்பாள். செல்வின் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலிப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு வந்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் ஸ்டுடியோவுக்குள் போவான். ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படுக்கையறைதான். மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, ஜன்னலுக்கு ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தான். அடுக்களைக்கும் அந்த அறைக்கும் ஒரே கரண்ட் லைன் என்பதால், ஷீஜா மிக்சியைப் போட்டால் இங்கே ஸ்பீக்கர் உறுமும். ஐப்பசி மழை பெய்தால் மேலே போட்டிருந்த தகரம் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

பாட்டைத் திறந்ததும் திரை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி பெட்டியாக வந்தது. இது காணவில்லை, அது காணவில்லை என்று ஒவ்வொன்றும் சொன்னது. பிளகின் என்பது குரலுக்கும் வாத்தியத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் பூட்டி வேலை வாங்கும் ஒரு கருவி. ஒன்று குரலைப் பெரிய ஆலயத்துக்குள் பாடுவதுபோல் ஆக்கும். ஒன்று கரகரப்பை எடுக்கும். ஒன்று, சுருதி விட்டு நழுவுகிற குரலைப் பிடித்து இழுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் உட்கார வைக்கும். டீச்சர் பாட்டுக்கு இந்தக் கடைசிச் சாமான்தான் உயிர்.

டீச்சர் நல்ல மனுஷி. அந்தச் சபையில் பாதிப் பேருக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். குரலும் கனமான குரல்தான். ஆனால் பாட்டு மேலே ஏறும் இடத்தில் டீச்சர் ஒரு பக்கம் ஏறுவார், ஆர்மோனியம் ஒரு பக்கம் ஏறும். இத்தனை நாளாக அதைப் பிளகின் மறைத்து வைத்திருந்தது.

"இது யாரு பாடுகது?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் ஷீஜா.

"டீச்சர்தான்."

"போன வாரம் கேட்டப்போ டீச்சருக்க குரலு இப்பிடி இல்லியே."

"அது நான் இழுத்துப் பிடிச்சு நிறுத்தின குரலாக்கும். இப்போ பிடிச்ச கைய எடுத்தாச்சு."

கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா. அண்ணைக்கு ஒங்கள யாராவது கூப்பிட்டாவளா?"

"இல்ல."

"பேரச் சொல்லி?"

"இல்ல பிள்ளே."

"பின்னே என்னத்துக்கு எழும்பினிய? அங்க எத்தன பேரு இருந்தாவ. பாலுல தண்ணி ஊத்துக ஆளு ஒங்களுக்கு நேர முன்னாலதான் இருந்தாரு. அவரு எழும்பினாரா? கண்ண மூடி அல்லேலூயா சொல்லிட்டு, சுக்குக்காப்பியும் குடிச்சுட்டுப் போயாச்சு."

"அவருக்க மனசாட்சி அவருக்கு."

"சரி, மனசாட்சி வந்துது. பாட்டு எப்போ வரும்?"

செல்வின் காலண்டரைப் பார்த்தான். பண்டிகை அடுத்த ஞாயிறு. சபைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியாயிற்று. அந்த வார்த்தை நிற்க வேண்டும், பாட்டும் வர வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுவிடக் கூடாது என்பதுதான் அவன் முன்னால் இருந்த காரியம். வேறு வழி என்ன, இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கிற பிளகினைத் தேட வேண்டியதுதான். இணையத்தில் இலவசம் என்று தேடினால் குவிந்து கிடக்கிறது. அதனால் ரெண்டு நாளில் முடித்துவிடலாம் என்று அவன் நினைத்தான், பாவம்.

முதலில் எடுத்த ஒன்று ஈமெயில் கேட்டது. கொடுத்தான். அந்த ஈமெயிலுக்கு ஒரு நம்பர் அனுப்பினோம் என்றது. நம்பரைப் போட்டதும், பிளகினை இறக்குவதற்கு முன்னால் எங்கள் மேனேஜர் என்ற இன்னொரு சாப்ட்வேரை இறக்க வேண்டும் என்றது. அந்த மேனேஜர் பிளகினைவிடப் பெரிய உருப்படி. அது பாதி இறங்கும்போது மழை வந்தது, நெட் போனது. திரும்ப நெட் வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. இரண்டாவதாக எடுத்ததை யூடியூபில் ஒருவன் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தான். அந்த வீடியோ பழையது. அப்போது இலவசமாக இருந்தது இப்போது இல்லை. இன்னொன்று செல்வினுடைய கம்ப்யூட்டரின் வயதைப் பார்த்ததும் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. எல்லாரிடமும் கையேந்திவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவது போலிருந்தது அவனுக்கு. நாற்காலியில் சாய்ந்து, "நேர்மையா இருக்கதுக்கு இவ்வளவு பாஸ்வேர்டு வேணுமாலே" என்று யாரும் இல்லாத அறையில் சத்தமாகவே சொன்னான்.

அதற்கு அடுத்தது சுருதி பிடிக்கும் பிளகின். அருமையாக வேலை செய்தது. டீச்சருடைய மேல் ஸ்தாயி வரி நேராகி நின்றதும் செல்வின் கண்ணை மூடி ஒரு நன்றி சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே குரலுக்கு நடுவில் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் வந்தது. அது முழு இலவசம் இல்லை, காட்டிப் பார்க்கக் கொடுத்த மாதிரிச் சரக்கு. விலைக்கு வாங்கும் வரை அவ்வப்போது இப்படிச் சீறிக்கொண்டே இருக்கும். அந்தச் சீறல் எங்கிருந்து வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று அவன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுக்களையில் ஷீஜா குக்கரில் கடலை வைத்துவிட்டுப் பின்வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். விசில் எண்ணுவது அவளுக்குக் காதோடு ஒட்டிய வேலை. உள்ளே கேட்ட சீறல்களையும் சேர்த்து எண்ணி, போதுமென்று அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்கு ஹாஸ்டல்காரப் பிள்ளைகள் கடித்த கடலை கல்லாக இருந்தது. ஒருவன் போன் செய்து, "சேச்சி, இது கறியா, சரளைக்கல்லா?" என்று மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டான்.

"ஒங்க சாட்சி இப்போ எனக்க அடுப்பு வர வந்தாச்சு," என்றாள் ஷீஜா.

"நான் என்ன செய்ய? அந்தச் சனியன் சீறுகு."

"அத எடுத்துத் தூரப் போடுங்க. மதி, போதும். டீச்சர்ட்டப் போயி நேராச் சொல்லுங்க, அந்த ஒரு வரிய திரும்ப வந்து பாடச் சொல்லி."

சொல்வது எளிது. ஆனாலும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுச் செல்வின் பஸ் ஏறிப் பழவங்காடிக்குப் போனான். டீச்சரிடம் நேராகக் கேட்கத் துணிவு வரவில்லை, தங்கப்பனுக்கு அங்கே பாத்திரக்கடை இருந்தது. பிள்ளையார் கோயிலில் உடைத்த தேங்காயின் வாசனை தெரு முழுக்க இருந்தது. மழைக்குக் கடைவாசலில் ஒதுங்கி நின்ற பக்தர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். தங்கப்பன் ஒரு அண்டாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் லிஜோ, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தான்.

"வா மக்கா. பாட்டு முடிஞ்சுதா?" என்றார் தங்கப்பன்.

"முடியல்ல மாமா. டீச்சர் ஒருக்கா வந்து, மேல ஏறுக அந்த வரிய மட்டும் திரும்பப் பாடினா நல்லாயிருக்கும்."

"திரும்பயா? பாடினது எங்க போச்சு?"

"பாடினது இருக்கு. அத நேராக்குக சாமான்தான் இல்ல. நான் அழிச்சேன்லா, கன்வென்ஷன் அண்ணைக்கு."

தங்கப்பன் துடைப்பதை நிறுத்தினார். "நேராக்கவா? அவளுக்க பாட்டுல என்ன கோணல்?"

செல்வினுக்கு அப்போதுதான் தான் எங்கே கால் வைத்தோம் என்று தெரிந்தது. டீச்சருடைய குரலுக்கு இப்படி ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது டீச்சருக்கும் தெரியாது, அவர் கணவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் பாட்டைக் கேட்டுவிட்டு டீச்சர், "எனக்க குரலு மைக்குக்குன்னே படைச்சதாக்கும்" என்று சொல்வது வழக்கம்.

லிஜோ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பா, அது எல்லா பாட்டுக்காரங்களுக்கும் போடுகதுதான். பரவால்ல. அம்மாகிட்ட ஒண்ணும் பறய வேண்டாம்."

"எல்லாருக்கும் போடுகதுன்னா இவளுக்கும் போட வேண்டியதுதானே."

"அது களவு மாமா," என்றான் செல்வின். "நான் சொன்னப்போ நீங்கதான் கண்ணத் துடைச்சிய."

"துடைச்சேன். இல்லன்னு சொன்னனா? அது ஆத்தும காரியம். இது பண்டிகை காரியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பப்பிடாது. கேட்டியா? அவள இனி திரும்பப் பாட வான்னு நான் கூப்பிட மாட்டேன். வீட்ல எனக்குச் சோறு வேணும்."

திரும்பி வரும்போது கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் செல்வின் நனைந்தான். கோபம் யார் மேல் என்றுகூடத் தெளிவாகவில்லை. தங்கப்பன் மேலா, சீறுகிற பிளகின் மேலா, எழுந்து நின்ற தன் கால்கள் மேலா. எல்லாவற்றின் மேலும்தான் கோபம்.

மறுநாள் அவன் ஹாஸ்டலுக்குப் போயிருந்த நேரத்தில் லிஜோ ஆபீஸ் போகும் வழியில் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஷீஜாவின் கையில் ஒரு பென் ட்ரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். செல்வின் அழித்த அதே சாமான்களை இணையத்திலிருந்து மறுபடி எடுத்து அதில் போட்டிருந்தான்.

"ஒரு பாட்டுக்கு மட்டும் போட்டுட்டு அழிச்சாப் போதும்னான். அவன் வாயத் தொறக்க மாட்டானாம்," என்றாள் ஷீஜா.

"நீ வாங்கி வச்சியா?"

"வாசல்ல வந்து நீட்டினா வாங்காம என்ன செய்ய? செக்ரட்டரிக்க மகன்."

"எனக்கு அது வேண்டாம்."

"நான் வேணும்னு சொன்னனா? மல்லிப்பொடி டப்பாவுக்குப் பின்னால இருக்கு. எடுக்கதும் எடுக்காததும் ஒங்க இஷ்டம்." கொஞ்சம் நின்று, "பாட்டு வரல்லன்னா பண்டிகை அண்ணைக்கு அந்தப் பெண்டுகளுக்கு நடுவுல நிக்கப் போறது நானாக்கும். அதையும் நெனச்சுக்கிடுங்க," என்றாள்.

அதைக் கேட்டு அவனுக்கு எரிந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் இன்னும் எரிந்தது. அன்று மத்தியானம் உப்பு கூடிய மீன்கறியை அப்படியே தின்று எழுந்தான். டப்பா இருந்த அலமாரிப் பக்கம் மட்டும் அவன் கண் ரெண்டு தடவை போய் வந்தது. பொய் சொல்வானேன், கையும் ஒரு தடவை போனது. மல்லிப்பொடி டப்பாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

வந்து உட்கார்ந்து, ஆத்திரத்தில், பாட்டு கோக்கும் சாப்ட்வேரின் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அந்த ஒரு சாப்ட்வேர் மட்டும் அவன் முறையாக வாங்கியது. அதன் அடியில், கூடவே சும்மா வந்த பிளகின்கள் வரிசையாக இருந்தன. சாம்பல் நிறத்தில் வெறும் பெட்டி. படமில்லை, மினுங்கும் திருகு இல்லை, முள் ஆடும் மீட்டர் இல்லை. வாங்கிய நாளில் ஒருமுறை பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு சாமானா என்று மூடியவன்தான். சுருதி நேராக்குகிறதும் அதில் இருந்தது. திருட்டுச் சரக்கு எல்லாம் பார்க்க நல்ல ஸ்டுடியோ மிஷின்போல மினுமினுவென்று இருக்கும், அதில் மயங்கித்தான் இத்தனை வருஷமும் போயிற்று. கைக்குள் இருந்ததை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

ஆனால் அந்தச் சாம்பல் பெட்டி தானாக எதையும் செய்யாது. திருட்டுப் பிளகின் டீச்சருடைய குரலை ஒரே அழுத்தில் நேராக்கிவிடும். இதில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, இது இங்கே நிற்க வேண்டும் என்று கையால் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். 'நெல்லும் கனியும் உமதே' என்பதுதான் அந்த வரி. 'நெல்' நின்றால் 'லும்' நழுவியது. 'லும்' நின்றால் 'கனி' ரோபோ பேசுவதுபோல் ஆனது. கொஞ்சம் தளர்த்தினால் பழையபடி டீச்சர். செல்வின் இழுத்தான், கேட்டான், அழித்தான், மறுபடி இழுத்தான். மிக்சி ஓடும்போது நிறுத்தினான். மழை வலுத்தால் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். புட்டு கொண்டுபோகும் வழியிலும் வாய் 'உமதே உமதே' என்று முனகியது. ஹாஸ்டல் வாட்ச்மேன், "எந்தா செல்வினே, பிரார்த்தனையா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை மாலை ஷீஜா பால் ஊற்றாத ஒரு கட்டன் சாயாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இப்போ போட்டது தேவலயே," என்றாள். பிறகு, "உமதேல கொஞ்சம் இழுக்குகு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. அதையும் திருத்தினான்.

பண்டிகை அன்று மழை விடிந்ததிலிருந்தே விடவில்லை. ஆலய முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழே சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த ஏலப் பொருள்களை வைத்திருந்தார்கள். வாழைக்குலை, சேனை, கால் கட்டிய கோழிகள், மத்தங்காய் என்று இங்கே சொல்லும் பரங்கிக்காய், ஷீஜா சுட்டுக் கொடுத்த முந்திரிக்கொத்துப் பலகாரம். ஏலத்துக்கு முன்னால் பாட்டைப் போட்டார்கள். எதில்? தென்னை மரத்தில் கட்டியிருந்த கோளாம்பியில். அந்தப் பழைய கூம்புக் குழாயில் எதைப் போட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போலத்தான் கேட்கும். செல்வின் கொடுத்த ஆலய எதிரொலி, அவன் துடைத்தெடுத்த கரகரப்பு, எல்லாம் கோளாம்பிக்குள் போய் ஒன்றுமில்லாமல் ஆனது. பாதியை மழை தின்றது, மீதியில் கோழிகள் கத்தின. ஆனால் 'நெல்லும் கனியும் உமதே' வந்தபோது குரல் ஆடாமல் நேராக ஏறி நின்றது. சபை தலையாட்டியது. டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

தங்கப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செல்வினின் தோளில் கை போட்டார். குரலைத் தாழ்த்தி, "பழயத எடுத்துட்டே, இல்லியா?" என்றார்.

"இல்ல மாமா."

"சரி சரி. நான் கேட்கல்ல."

"சத்தியமா இல்ல. சும்மா கிடைக்கது இருக்கு மாமா. கையால ஒவ்வொரு எழுத்தா இழுத்து வச்சேன்."

"அது எப்பிடிடே, சும்மா கிடைக்கதுல இப்பிடி வரும்?" அவர் சிரித்தார். "போட்டும். கர்த்தர் உள்ளத்தப் பாக்கவராக்கும்."

பக்கத்தில் நின்ற ரெண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். கன்வென்ஷனில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய்கள்தான். யாருக்கும் கோபமில்லை, எல்லாரும் அவனை அன்பாக மன்னித்துவிட்டார்கள், அதுதான் செல்வினுக்குத் தாங்கவில்லை. செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு எப்படி நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. லிஜோ வந்து, "அண்ணா, பாட்டு அடிபொளி. நான் யார்கிட்டயும் பறயமாட்டேன்," என்று கண்ணடித்தான்.

முந்திரிக்கொத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஷீஜா நேராக வந்தாள். கைப்பையைத் திறந்து பென் ட்ரைவை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி லிஜோவிடம் நீட்டினாள். அதில் மல்லிப்பொடி ஒட்டியிருந்தது.

"இந்தா லிஜோ. தந்த மாதிரியே இருக்கு. எனக்க மாப்பிள இதத் தொடல்ல."

மாப்பிள்ளை என்று, தன் புருஷன் என்று, அவள் சபைக்கு நடுவில் சத்தமாகச் சொன்னதைக் கேட்டுச் செல்வின் திரும்பிப் பார்த்தான். லிஜோ பென் ட்ரைவை வாங்கி ஊதிவிட்டுப் பையில் போட்டான்.

"சேச்சி, பென் ட்ரைவ் திரும்ப வந்தா என்ன? காப்பி எடுக்க ரெண்டு நிமிஷம் போதுமே," என்றான். வேண்டுமென்றே சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். ஷீஜாவின் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் கோழி ஏலம் தொடங்கியதால் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

ஷீஜா கோபத்தோடு ஒரு மத்தங்காயை ஏலத்தில் எடுத்தாள். மழை சற்று ஓய்ந்தபோது இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். மத்தங்காய் அவர்கள் நடுவில் இருந்தது. ஹைவேயில் லாரிகள் வாரியடித்த தண்ணீர் காலெல்லாம் நனைத்தது. வெகுதூரம் வந்த பிறகு, சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது, செல்வின் திரும்பாமலே கேட்டான்.

"நீயாவது நம்புகியா பிள்ளே?"

"என்ன கேள்வி இது. அந்த ஒத்த வரிய ஒரு வாரமாக் கேட்டு, கிழங்கு நறுக்கும்போதும் எனக்க வாயில அதுதான் வருகு. களவு சாமான் கையில இருக்கவன் இப்பிடியா கெடந்து சாவான்?"

பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது.

"ஆனா ஒண்ணு அத்தான்," என்றாள் ஷீஜா, மத்தங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அடுத்த கன்வென்ஷனுக்கு ஆண்கள் பக்கம் ஓரத்து ஆளா, எனக்கு அடுத்து வந்து இருங்க. எழும்பினா சட்டையப் பிடிச்சு இழுக்க எனக்குக் கை எட்டணும்."